கண்ணுக்குத் தெரியாத நிரை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அளவு என்றால் என்ன என்று யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் மூத்தவர்களுக்குப் பால் நிறுத்த காலம் நன்றாக நினைவிருக்கும். காலையில் வெட்டிய பால் வாளி வாளியாக ஸ்டோருக்கு வரும். முதலில் அது தராசில் ஏறும். பிறகு அதில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை விடுவார்கள். ரப்பர்ச் சத்து அதிகமிருந்தால் கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் அதிகமிருந்தால் மேலே மிதக்கும். பாலை உறையவைத்துப் பார்க்காமலேயே அதில் ரப்பர் எவ்வளவு என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். அந்தக் கோட்டை நம்பித்தான் அன்றைய கூலி. அந்தக் கூலியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு.

ஆகவே, 'அளந்துவிட்டோம்' என்று ஒருவர் சொன்னால், 'தராசு சரியா?' என்று கேட்பது நமக்கு இயல்பு. அந்தக் கேள்வியிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குவோம்.

சென்ற பள்ளி விடுமுறையில் நாம் சிங்கப்பூருக்குச் சென்று, பிடோக்கில் உள்ள அத்தை வீட்டில் சில நாள் தங்கியிருந்தோம். அத்தைக்கு வயது எழுபதுக்கு மேல். இளமையில் ஜொகூரில் மரம் வெட்டியவர். இப்போது அடுக்குமாடி வீட்டில் பத்தாம் மாடியில் மகனோடு இருக்கிறார். பேரன் தொடக்கக் கல்லூரி மாணவன், பௌதிகம் படிக்கிறான். ஒருநாள் மாலை அவன், "பாட்டி, நம்ம சிங்கப்பூரிலேயே மூணு அணுவை வரிசையா நிறுத்தி வச்சு அளந்திருக்காங்க, தெரியுமா?" என்றான்.

அத்தை சிரிக்கவில்லை. "கண்ணுக்கே தெரியாததை அளந்தேங்கிறானே, அந்தத் தராசை யார் பார்த்தது?" என்று கேட்டார். பிறகு நம் பக்கம் திரும்பி, "நீதான் வாத்தியாராச்சே, சொல்லேன் தம்பி" என்றார்.

அத்தைக்கு அன்று நாம் சொன்னதைத்தான் இங்கே சற்று ஒழுங்குபடுத்திச் சொல்கிறோம்.

முதலில் அந்த 'வரிசையில் நிற்கும் அணு' எது என்று பார்ப்போம். எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால், ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்குள் பல லட்சம் அணுக்கள் அடங்கும். ஓர் அணுவின் நடுவில் கரு இருக்கிறது. அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. ஓர் எலெக்ட்ரானை நீக்கிவிட்டால் அணு நேர் மின்னூட்டம் பெறுகிறது. அப்படி மின்னூட்டம் பெற்ற அணுவை அயனி என்கிறோம். மின்னூட்டம் இருப்பதால் அதை மின்சாரத்தால் தள்ளலாம், இழுக்கலாம். கையால் பிடிக்க முடியாத அணுவுக்கு இதுவே ஒரு கைப்பிடி.

ஆனால் நிலையான மின்விசையைக் கொண்டு அயனியை ஓரிடத்தில் கட்டிப்போட இயலாது. ஒரு திசையில் அதை உள்நோக்கித் தள்ளினால், வேறொரு திசையில் அது வெளியே ஓடிவிடும். எண்ணெயில் பொரித்த அப்பளம் சில வேளை இரண்டு ஓரம் மேலேறியும் மற்ற இரண்டு ஓரம் கீழிறங்கியும் வளைந்து வருமல்லவா? அதன் நடுவில் ஒரு கொண்டைக்கடலையை வையுங்கள். மேலேறிய ஓரங்களின் பக்கம் அது போகாது. தாழ்ந்த ஓரத்தின் வழியாக உருண்டு விழுந்துவிடும். ஆனால் அந்த அப்பளத்தைத் தட்டோடு சேர்த்துத் தக்க வேகத்தில் சுழற்றினால் என்ன ஆகும்? கடலை கீழே உருளத் தொடங்கும்போதே அந்தத் தாழ்ந்த ஓரம் விலகி, மேலேறிய ஓரம் எதிரே வந்துவிடும். கடலை நடுவிலேயே தத்தளித்துக் கொண்டிருக்கும்.

ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் பவுல் 1950களில் இந்தத் தந்திரத்தை மின்சாரத்தில் செய்து காட்டினார். நான்கு உலோகக் கம்பிகளுக்கு இடையில் மின்னழுத்தம் விநாடிக்குப் பல பத்து லட்சம் முறை திசை மாறுகிறது. அயனி தப்பியோட வழி கிடைப்பதற்குள் வழி அடைபட்டுவிடுகிறது. இரு முனைகளிலும் உள்ள வேறு இரண்டு மின்முனைகள், வேலிப்படல் போல் பாதையை அடைக்கின்றன. இதற்கு அயனிப் பொறி என்று பெயர். இப்பணிக்காகப் பவுலும், தனித்த துகள்களை இவ்வாறு சிறைவைத்து ஆராய்ந்த ஹான்ஸ் டெமெல்ட்டும் 1989ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். அதற்கு முன்னரே, 1980இல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஒரே ஒரு பேரியம் அயனியைப் பொறியில் பிடித்து, அது உமிழ்ந்த நீல ஒளியைப் படம் எடுத்திருந்தார்கள்.

பொறிக்குள் காற்று இருத்தல் ஆகாது. காற்றின் மூலக்கூறு ஒன்று மோதினாலும் அயனி கலைந்துவிடும். ஆகவே உருக்குக் கலத்திலிருந்து காற்றை இறைத்து எடுக்கிறார்கள். உள்ளே எஞ்சும் அழுத்தம், நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு.

அடுத்து, அயனியைக் குளிர வைக்க வேண்டும். அணுவைப் பொறுத்தவரை வெப்பம் என்பது ஓட்டமே. சூடான அயனி அங்குமிங்கும் பறக்கும். குளிர்ந்த அயனி அடங்கி நிற்கும். குளிர வைக்க லேசர் ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். நம்மை நோக்கி வரும் மோட்டார் சைக்கிளின் ஓசை சற்று உச்சமாகவும், கடந்து போன பின் தாழ்வாகவும் கேட்கிறது. ஒளிக்கும் அதே குணம் உண்டு. அயனி ஏற்கும் நிறத்தைவிட லேசரின் நிறத்தைச் சற்றே தாழ்த்தி வைத்தால், லேசரை எதிர்த்து ஓடிவரும் அயனிக்கே அந்த ஒளி பொருந்தும். எதிர்த்து வரும்போதெல்லாம் ஒளி அதைத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலும் மிகச் சிறியது. ஆனால் ஒரு விநாடியில் அது கோடிக்கணக்கான முறை நிகழக்கூடும். அயனியின் வெப்பநிலை, இதற்குமேல் குளிர்ச்சியே இல்லை என்னும் எல்லைக்கு மேலே, ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இப்படிக் குளிர்ந்த அயனிகள் பலவற்றை ஒரே பொறியில் வைத்தால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால், ஒன்றையொன்று விலக்கும். பொறியோ அவற்றை நடுவை நோக்கித் தள்ளும். இரண்டும் சமன்படும் இடத்தில், அவை ஒரே கோட்டில் வரிசையாக நின்றுவிடும். ரப்பர் மரங்களை நிரை என்று சொல்வோமே, அதேபோன்ற ஒரு நிரை. இரு அயனிகளுக்கு இடையே சில மைக்ரான் தூரமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயினும் அணுவின் அளவோடு ஒப்பிட்டால் அது பெருந்தூரம். அதனால் நல்ல லென்சு பொருத்திய ஒளிப்படக் கருவியில், இருட்டில் கோத்த மணிகள் போல் ஒவ்வொரு அயனியும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிகிறது.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருவோம். இந்த நிரையை எப்படி அளப்பது? அளந்தது சரி என்று எப்படி அறிவது?

முதல் அளவு, எண்ணிக்கை. மண்டோர் பெரட்டில் பேர் கூப்பிடுவது போல, படத்தில் உள்ள ஒளிப்புள்ளிகளை எண்ணுகிறார்கள். சில வேளை ஐந்து பேர் நிற்க வேண்டிய நிரையில் நான்கு புள்ளிகளே தெரியும். நடுவில் ஓரிடம் காலியாக இருக்கும். அங்கே யாருமில்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. உண்மையில் அங்கே யாருமில்லையென்றால், மற்ற நால்வரும் நெருங்கி அந்த இடத்தை நிரப்பியிருப்பார்கள். இடைவெளி அப்படியே இருக்கிறதென்றால், அங்கே இருளில் ஒருவர் நிற்கிறார் என்று பொருள். அந்த அயனி வேறு தனிமமாக இருக்கலாம். அல்லது காற்றின் மிச்சத்தோடு சேர்ந்து வேறு பொருளாக மாறியிருக்கலாம். அந்த லேசரின் நிறம் அதற்குப் பொருந்தாததால் அது ஒளிரவில்லை. ஒளிராதவரையும் கணக்கில் சேர்ப்பதுதான் நல்ல கணக்கு.

இரண்டாம் அளவு, இடைவெளி. தோட்டத்து நிரையில் மரங்கள் சம தூரத்தில் நிற்கும். அயனி நிரையில் அப்படி இல்லை. நடுவில் நெருக்கமும் ஓரத்தில் தளர்ச்சியும் இருக்கும். திருவிழாப் பேருந்தில் இரு வாசலிலிருந்தும் ஆட்கள் நெருக்கி ஏறினால், நடுவில் நிற்பவர்தானே அதிகம் நசுங்குவார்? அதே காரணம்தான். ஐந்து அயனிகள் உள்ள நிரையில் உள் இடைவெளி 100 பங்கு என்றால், ஓர இடைவெளி ஏறத்தாழ 112 பங்கு என்று கணக்கு சொல்கிறது. படத்தில் அளந்து பார்த்தால் அந்த விகிதம் வரவேண்டும். வராவிட்டால், பொறியின் மின்புலம் எங்கோ கோணியிருக்கிறது, அல்லது படத்தை அளந்த விதத்தில் தவறு இருக்கிறது.

மூன்றாம் அளவு, ஆட்டம். காண்டாக் கம்பில் இரு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடக்கும்போது இரு வாளிகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்து ஆடலாம். அல்லது ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக எதிரெதிரே ஆடலாம். அயனி நிரைக்கும் இப்படிப்பட்ட ஆட்ட முறைகள் உண்டு. எல்லா அயனிகளும் ஒன்றாக முன்னும் பின்னும் போவது முதல் முறை. நடுவிலிருந்து இரு பக்கமும் விரிந்து சுருங்குவது இரண்டாம் முறை. நிரையில் எத்தனை அயனிகள் உண்டோ, நிரையின் நீளத்தில் அத்தனை ஆட்ட முறைகள் உண்டு.

இதை எப்படி அளக்கிறார்கள்? மின்முனை ஒன்றில் மிகச் சிறிய மாறு மின்னழுத்தத்தைக் கொடுத்து, அதன் அதிர்வெண்ணை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான தாளத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். தாளம் தப்பினால் போகாது. அதேபோல், அயனிகளின் சொந்த ஆட்டத்தோடு தாளம் பொருந்தும் கணத்தில் அவை பெரிதாக ஆடுகின்றன. படத்தில் புள்ளிகள் கோடாக இழுபடுகின்றன. அந்த அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். விநாடிக்குச் சில லட்சம் ஆட்டம் என்பது வழக்கமான அளவு.

இங்கேதான் ஓர் அருமையான சோதனை இருக்கிறது. ஒரே வகை அயனிகள் நிற்கும் சீரான பொறியில், இரண்டாம் ஆட்டத்தின் அதிர்வெண் முதல் ஆட்டத்தைப் போல் 1.732 மடங்காக இருக்க வேண்டும். அதாவது மூன்றின் வர்க்கமூலம். இரண்டு அயனிகள் இருந்தாலும் பத்து அயனிகள் இருந்தாலும் இந்த எண் மாறாது. அளந்த விகிதம் இதிலிருந்து விலகினால், ஏதோ ஒன்று சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும். மின்புலம் சீராக இல்லாமல் இருக்கலாம். அல்லது இருளில் நிற்கும் அந்த வேற்று அயனியின் எடை வேறாக இருக்கலாம். ஆட்டம் எவ்வளவு மாறியது என்பதைக் கொண்டே அந்த வேற்று அயனியின் எடையைக் கணக்கிட்டு, அது எது என்று கண்டுபிடிப்பதும் உண்டு. தராசில் ஏற்றாமல் எடை பார்ப்பது என்பது இதுதான். மெட்ரோலாக்கும் பாலைக் காய்ச்சாமல்தானே ரப்பரை அளந்தது?

இன்னொன்றும் கவனியுங்கள். ஆட்டத்தின் அதிர்வெண்ணும் அயனியின் எடையும் தெரிந்தால், இடைவெளி எத்தனை மைக்ரான் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம். படத்தில் அளந்த இடைவெளியும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று காதால் கேட்டது போல, மற்றொன்று கண்ணால் கண்டது போல. இரு வேறு வழியில் வந்து ஒரே விடை கிடைத்தால், அந்த விடைக்கு வலிமை உண்டு.

நான்காம் அளவு, வெப்பநிலை. மூன்று அணுக்களின் நடுவே வெப்பமானியைச் செருக முடியாது. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். அயனியின் ஆட்டம் நினைத்த அளவில் கூடவோ குறையவோ செய்யாது. பிடி பிடியாகத்தான் கூடும், குறையும். அரிசிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையில் ஒரு பிடி போடுவது எப்போதும் முடியும். ஆனால் ஒரு பிடி எடுப்பதற்குப் பானையில் அரிசி இருக்க வேண்டும். காலிப் பானையிலிருந்து எடுக்க முடியாது.

இரண்டு லேசர்களின் அதிர்வெண் வேறுபாட்டைத் தக்கபடி அமைத்து, அயனியின் ஆட்டத்தில் ஒரு பிடி போடவும் முயலலாம்; ஒரு பிடி எடுக்கவும் முயலலாம். முயற்சி பலித்ததா இல்லையா என்பதை, பின்னர் அயனி ஒளிர்கிறதா இருண்டிருக்கிறதா என்று பார்த்து அறியலாம். எடுக்கும் முயற்சியும் போடும் முயற்சியும் எந்த விகிதத்தில் பலிக்கின்றன என்று நூற்றுக்கணக்கான முறை செய்து எண்ணுகிறார்கள். விகிதம் இரண்டில் ஒன்று என்றால், பானையில் சராசரியாக ஒரு பிடி இருக்கிறது. பதினொன்றில் ஒன்று என்றால், பத்தில் ஒரு பிடி. எடுக்கும் முயற்சி ஒருபோதும் பலிக்கவில்லை என்றால், அயனி முற்றிலும் அடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த இரட்டை லேசர் முறைக்கு ராமன் முறை என்று பெயர். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. ராமன், 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவிலிருந்து வந்த பெயர் அது. அக்கண்டுபிடிப்புக்காக அவர் 1930இல் நோபெல் பரிசு பெற்றார். இன்று உலகில் எந்த மொழி பேசும் ஆய்வாளரும் இந்தக் கருவியின் முன் நின்று நம்மவர் ஒருவரின் பெயரைச் சொல்லியே வேலை செய்கிறார். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

வெப்பத்தை ஒருமுறை அளந்தால் போதாது. லேசரை நிறுத்தி, அயனிகளைச் சிறிது நேரம் தனியே விட்டு, மறுபடி அளக்கிறார்கள். எவ்வளவு வெப்பம் உள்ளே கசிந்தது என்று அப்போது தெரியும். ஃபிளாஸ்க்கில் ஊற்றிய தேநீர் எவ்வளவு நேரம் சூடு தாங்கும் என்று பார்ப்பது போல, இது பொறியின் தரத்தைக் காட்டும் அளவு.

இவையெல்லாம் எங்கோ தொலைதூர நாட்டில் மட்டும் நடப்பவை அல்ல. பிடோக் நிலையத்தில் ரயில் ஏறி, புவன விஸ்தாவில் வட்டப்பாதைக்கு மாறினால், கென்ட் ரிட்ஜ் வந்துவிடும். அங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் குவாண்டம் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. அம்மையத்தைச் சேர்ந்த திமித்ரி மாட்சுகேவிச் குழுவினர் மூன்று இட்டெர்பியம் அயனிகளை நிரையில் நிறுத்தி, அவற்றின் மூன்று ஆட்ட முறைகளுக்கிடையே வெப்பம் பாயும்படி செய்து, குளிர்பதனப் பெட்டி ஒன்றின் வேலையையே அந்த மூன்று அணுக்களைக் கொண்டு செய்து காட்டினார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது.

பேரன் சொன்னது அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு. மரே பாரெட் என்பாரின் குழுவினர் மூன்று லுட்டீசியம் அயனிகளை நிரையில் நிறுத்திக் கடிகாரமாகப் பயன்படுத்த முனைந்தார்கள்.

அணுவில் என்ன கடிகாரம் என்று கேட்கலாம். ஊசல் ஆடுவதை எண்ணுவதே பழைய கடிகாரம். அணு ஏற்கும் ஒளியின் அதிர்வை எண்ணுவது புதிய கடிகாரம். 1967ஆம் ஆண்டு முதல் ஒரு விநாடி என்பது, சீசியம் அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிரும் காலம் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. நம் பெற்றோருக்கு 1982 ஜனவரி முதல் நாள் நினைவிருக்கும். அன்று மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அது அரசுகள் எடுத்த முடிவு. மணிக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதை மனிதர் முடிவு செய்யலாம். ஆனால் ஒரு விநாடியின் நீளத்தை மனிதர் விருப்பத்துக்கு விடாமல், எங்கும் ஒரே மாதிரி இருக்கும் அணுவிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

சரி, ஒரே அயனி போதாதா, எதற்கு நிரை? ஒரே ஒரு அயனியைக் கேட்டால், அது ஒவ்வொரு முறையும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்றே விடை தரும். பல முறை கேட்டுச் சராசரி பார்க்க வேண்டும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு முறை கேட்க வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. நாள்கணக்கில் காத்திருக்க நேரும். மூன்று அயனிகளை ஒன்றாகக் கேட்டால், அந்தக் காத்திருப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும்.

ஆனால் ஒரு சிக்கல். மூவரும் ஒரே மாதிரி விடை சொல்வார்களா? நடுவில் நிற்பவருக்கு இரு பக்கமும் அண்டை வீட்டார். ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் மட்டுமே. அவர்கள் உணரும் மின்புலம் வேறு. அதனால் அவர்களின் கடிகாரமும் இம்மியளவு வேறுபடும். இந்த வேறுபாட்டை மறைக்காமல் முதலில் அதையே அளந்தார்கள். காந்தப் புலத்தின் திசைக்கும் நிரைக்கும் உள்ள கோணம் ஏறத்தாழ 54.7 பாகை ஆகும்போது இந்த விளைவு பூச்சியமாகும் என்பது பௌதிகம் அறிந்த உண்மை. காந்தப் புலத்தைத் தக்கபடி திருப்பி, மூன்று அயனிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஏறத்தாழ லட்சம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது 1-க்குப் பின் பதினேழு பூச்சியம் வரும் எண்ணில் ஒரு பங்காக, அடக்கிக் காட்டினார்கள். மேலும், லேசரின் சொந்தத் தடுமாற்றம் அளவைக் கெடுக்காதிருக்க, அயனிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே பார்த்தார்கள். நடுங்கும் கை ஊற்றினாலும் இரண்டு குவளையிலும் ஒரே அளவு விழுந்ததா என்று பார்ப்பது போன்ற முறை அது.

அதே குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், தனித்தனிப் பொறிகளில் இருந்த லுட்டீசியம் அயனிக் கடிகாரங்கள் இரண்டை ஒப்பிட்டு, 1-க்குப் பின் பதினெட்டுப் பூச்சியம் உள்ள எண்ணில் சில பங்கு என்னும் நுட்பம் வரை சென்றார்கள். அத்தகைய ஒரு பங்கு பிழை உள்ள கடிகாரம், இந்தப் பேரண்டம் தோன்றிய நாளிலிருந்து, அதாவது சுமார் 1,380 கோடி ஆண்டுகளாக, ஓடிக்கொண்டிருந்தால்கூட அரை விநாடிதான் தவறியிருக்கும்.

இதனால் நமக்கு என்ன பயன்? கைத்தொலைபேசியில் வழி காட்டும் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்தே சுற்றுகின்றன. அது மட்டுமன்று. பூமியிலிருந்து உயரப் போகப் போகக் கடிகாரம் சற்றே விரைவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கண்ட உண்மை. அத்தையின் பத்தாம் மாடிக் கடிகாரம், கீழ்த்தளத்துக் கடிகாரத்தைவிட மிக மிகச் சிறிதளவு விரைவாக ஓடுகிறது. நாம் சொன்ன நுட்பமுள்ள கடிகாரம் ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாட்டைக்கூட உணர்ந்துவிடும். நிலத்தின் உயரத்தையும் கடல்மட்டம் ஏறுவதையும் இதைக் கொண்டு கண்காணிக்க முனைகிறார்கள். பிடோக்கின் கடற்கரைப் பகுதி 1966இல் தொடங்கிய கடல் நிரப்பும் பணியில், அருகிலிருந்த குன்றுகளை வெட்டிக் கொட்டிய மண்ணால் உருவானது. அப்படிப்பட்ட நிலத்தில் வாழ்பவர்க்கு ஒரு சென்டிமீட்டர் சிறிய செய்தி அன்று. மேலும், அயனி நிரைகளையே கணிப்பொறியாகப் பயன்படுத்தும் முயற்சிகளும் பல நாடுகளில் நடந்து வருகின்றன.

இவ்வளவும் கேட்டபின் அத்தை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். அவர் வேலை செய்த இடத்தில் ஒரு சமயம் பால் எடை தொடர்ந்து குறைவாகவே காட்டியதாம். கேட்டால், "தராசு பொய் சொல்லாது" என்ற பதிலே வந்ததாம். ஒருநாள் நான்கு பெண்கள் சேர்ந்து, கடையில் வாங்கிய, உறை பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுபோய் அதே தராசில் வைத்தார்களாம். முள் ஐந்தைத் தொடவில்லை. சந்தேகம் தீர, இன்னொரு பையும் வைத்துப் பார்த்தார்களாம். பிறகுதான் தராசைத் திருத்தினார்களாம். ஆனால் அதுவரை போன கூலி திரும்பி வரவில்லை.

"நீ சொல்ற ஆளுங்களும் இதைத்தானே செய்யறாங்க?" என்றார் அத்தை.

ஆம், அதைத்தான் செய்கிறார்கள். தெரிந்த ஒன்றை வைத்துத் தராசைச் சோதிக்கிறார்கள். ஒரே பொருளை இரண்டு வழியில் அளந்து பார்க்கிறார்கள். எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதையும் விடையோடு சேர்த்து எழுதுகிறார்கள். வேறு நாட்டார் அதே சோதனையைச் செய்து பார்க்கும்படி முறையை வெளியிடுகிறார்கள். அணுவை அளப்பவருக்கும் பால் வாளியோடு வரிசையில் நின்றவருக்கும் நீதி ஒன்றுதான்: சோதிக்க இடம் கொடுக்காத அளவு, அளவு அன்று.

நேயர்களே, நிறைவாக வீட்டிலேயே செய்யத்தக்க சிறு சோதனை ஒன்று சொல்கிறோம். இரண்டு தூண்களுக்கு இடையே ஒரு கயிற்றைச் சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். அதில் சம நீளமுள்ள இரண்டு நூல்களைத் தொங்கவிட்டு, சம அளவு தண்ணீர் நிரப்பிய இரு போத்தல்களைக் கட்டுங்கள். ஒன்றை மட்டும் கயிற்றுக்குக் குறுக்காக ஆட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் அது நின்றுபோய் மற்றது ஆடும். பிறகு அதுவும் நின்று, முதலாவது ஆடத் தொடங்கும். அடுத்து, இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டி, ஐம்பது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பின் எதிரெதிராக ஆட்டி எண்ணுங்கள். எதிரெதிர் ஆட்டம் சற்று விரைவாக இருக்கும். கடைசியில், ஒரு போத்தலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாருங்கள்; ஆட்டம் முன்போல் முழுமையாகக் கைமாறாது. வேற்று அயனி ஒன்று நிரையில் புகுந்த கதைதான் இதுவும்.

ஒரு பிள்ளை எண்ணட்டும். இன்னொரு பிள்ளை மறுபடி எண்ணட்டும். இருவர் கணக்கும் வேறுபட்டால் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். எங்கே பிழை வந்தது என்று மூவருமாகச் சேர்ந்து தேடுங்கள். அந்தத் தேட்டம்தான் விஞ்ஞானம்.

வணக்கம்.